அந்திப் பெரட்டு

மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது யோகநாதன் முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, வேலியில் ஆள் நுழையுமளவு விட்டிருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து பக்கத்து வளவுக்குப் போவார். மழை என்றால் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவார். காய்ச்சல் என்றால் போர்வையோடு போவார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கண்டாவளையில் குடில் போட்ட இந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு நாளும் தவறாமல் செய்த காரியம் எது என்று கேட்டால், அவருடைய மனைவி அமராவதி யோசிக்காமல் இதைத்தான் சொல்லுவாள்.

பக்கத்து வளவு ராசுவுடையது. எழுபத்தேழாம் ஆண்டில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு, தாய் தகப்பனோடு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். மற்றவர்களின் வயலில் வரம்பு கட்டுவார், வாய்க்கால் வெட்டுவார். மனைவி பேச்சியம்மாவும் கூடவே வயலுக்குப் போவாள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் விஜிதரன் பத்தாம் ஆண்டு படிக்கிறான். சின்னவள் தனுஷாவுக்கு எட்டு வயது.

அந்த வீட்டில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. கிடுகுக் கூரை, மண் சுவர், முற்றத்தில் ஒரு வேப்பமரம். ஆனால் ஆறு மணிக்கு அந்த முற்றத்தில் இருப்பவர்களைப் பார்த்தால், ஊருக்கே மின்சாரமும் சமாதானமும் வந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். கூட்டித் தண்ணீர் தெளித்த நிலத்தில் இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு. நுளம்புக்கு ஒரு உடைந்த சட்டியில் வேப்பிலைப் புகை. நடுவில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதன் மேல் இரண்டு மூடி மண்ணெண்ணெய்தான் விடுவார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் அதற்கு மேல் விட யாருக்கு வசதி? அந்த இரண்டு மூடி எண்ணெய் எரிந்து முடியும்வரை அந்த வீட்டில் ஒருவரும் வேலைக்கென்று எழும்பமாட்டார்கள். ஒருவரையொருவர் ஏசமாட்டார்கள். கெட்ட செய்தி எதுவானாலும் விளக்கு அணைந்த பிறகுதான். தூரத்தில் ஷெல் விழுந்தால்கூட, "சத்தம் கேக்குது" என்பதோடு கதை நின்றுவிடும்.

பேச்சியம்மா இஞ்சி போட்டுச் சாயத்தண்ணி ஊற்றுவாள். தேயிலை பறித்த பரம்பரை. தூள் கொஞ்சமென்றாலும் அதிலிருந்து எவ்வளவு நிறம் எடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். சீனிக்குப் பதிலாக ஒரு துண்டு பனங்கட்டி. விஜிதரன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். அவன் கை அலுக்கும்போது பாட்டும் தேய்ந்துபோகும்.

"பாட்டுக்காரருக்குப் பசிக்குது, சுத்துண்ணே" என்பாள் தனுஷா.

பாட்டு முடிந்ததும் விஜிதரன் புத்தகத்தோடு விளக்குக்குக் கிட்டப் போவான். ராசு கச்சான் உடைத்து எல்லார் கையிலும் வைப்பார். பேச்சியம்மா காலை நீட்டி, வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நொடி போடுவாள். விடை தெரியாதவர் தோப்புக்கரணம் போடவேண்டும். அதிகம் போட்டவர் ராசுதான்.

யோகநாதனுக்கென்று அந்த வீட்டிலிருந்த ஒரேயொரு கதிரையைத் தூக்கி வந்து வைப்பார்கள். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர் அல்லவா. வந்த புதிதில் அவர் தன் வீட்டிலிருந்து சொந்தப் பேணியைக் கையில் கொண்டுதான் போனார். தோட்டத்து ஆட்களின் வீட்டுக் கோப்பையில் குடிப்பதா என்ற யோசனை. ஒருநாள் பேணியை மறந்து போனார். மணம் மூக்கைத் துளைத்தது. அன்றோடு அந்தக் கொள்கையும் மறந்துபோயிற்று. இப்போது அங்கே கைபிடி வைத்த எனாமல் கோப்பை ஒன்று அவருடையதாகவே ஆகிவிட்டிருந்தது.

"ராசு, நீ குடுத்து வைச்சவனடா" என்பார் கதிரையில் சாய்ந்தபடி.

"என்னத்தங்கய்யா குடுத்து வச்சேன். வெறும் சாயத்தண்ணி."

விளக்கு அணைந்ததும் யோகநாதன் எழும்பித் தன் வீட்டுக்கு வருவார். வரும்போதே முகம் சுருங்கிவிடும்.

அவருடைய வீட்டில் அந்த நேரம்தான் பெரும் போர். அவர் காலையில் சங்கத்தில் நிவாரண அட்டைப் பதிவு எழுதி வாங்குகிற சம்பளம் பாதி மாதத்துக்குத்தான் வரும். மீதி மாதத்தை அமராவதியின் இடியப்பம் இழுத்துக்கொண்டு போனது. நிவாரண மாவை அவித்து, அரித்து, குழைத்து, ஒவ்வொரு பின்னேரமும் நூற்றைம்பது இடியப்பம் பிழிந்து சந்தியிலுள்ள ஏரம்பரின் கடைக்குக் கொடுக்கவேண்டும். புகை, ஆவி, வியர்வை. தேங்காய் திருவிக்கொண்டு மகள் கஜேந்தினி. அவளும் பத்தாம் ஆண்டு, விஜிதரனின் வகுப்பு. குளிக்கமாட்டேன் என்று குடிலைச் சுற்றி ஓடும் ஒன்பது வயது மகன் சஜீவன். வீட்டுக்கு விளக்கு ஒன்று. அது இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கஜேந்தினி அடுப்பு வெளிச்சத்தில் கணக்குச் செய்வாள். அவளுடைய கொப்பிகளில் கரியும் மாவும் ஒட்டியிருக்கும். இருந்தும் கணக்கில் வகுப்பில் அவள்தான் முதலாம் பிள்ளை.

யோகநாதன் ஒரு மணிக்கு வேலை முடிந்து வருவார். சாப்பிட்டுப் படுப்பார். மூன்று மணிக்கு எழும்பி ஏரம்பரின் கடை விறாந்தையில் சீட்டுக் கட்டோடு இருந்து கடதாசி விளையாடுவார். அங்கிருந்து வந்து முகம் கழுவினால் ராசு வீடு. இதில் எங்கே பிழை என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரில் எந்த ஆம்பிளையும் அப்படித்தான் இருந்தான்.

ஒருநாள் வாய் விட்டுச் சொன்னார்.

"ராசு வீட்டைப் பார். எவ்வளவு ஆறுதலா இருக்குதுகள். இஞ்ச ஒரு மனுசன் வந்து இருக்க ஏலுமே? உனக்கு ஒரு ஒழுங்கு இல்லை."

அமராவதி இடியப்ப உரலிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஓம். ஒழுங்கை நீங்கள் அங்க போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ. நான் இஞ்ச இடியப்பத்தைப் பாக்கிறன்."

அவருக்கு அது சுட்டது. சங்கக்கடையில் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு நடத்திப் பழகிய மனிதர். அன்றிரவே பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி ஒரு நேரசூசி தயாரித்தார். ஐந்து மணிக்கு முற்றம் கூட்டல். ஐந்தேகாலுக்குப் பிள்ளைகளைக் குளிக்கவார்த்தல். ஐந்தரைக்குள் இடியப்பம் அவித்து முடித்தல். ஆறு மணிக்குப் பாய் விரித்து, விளக்கேற்றி, தேத்தண்ணி கொடுத்தல். கடைசிப் பத்திக்குப் 'பொறுப்பு' என்று தலைப்பிட்டு, முதல் வரியில் அமராவதி என்று எழுதினார். சங்கத்துப் பழக்கத்தில் கீழேயுள்ள வரிகளுக்கெல்லாம் 'மேற்படி' என்று போட்டார். 'ஆறு முதல் ஏழு வரை ஓய்வு' என்ற வரிக்கு வந்ததும் மேற்படியை நிறுத்திவிட்டு, தன் பெயரை வடிவாக எழுதினார்.

காலையில் அமராவதி சுவரில் குத்தியிருந்ததை ஆறுதலாக வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, ஆர் உந்த மேற்படி? நல்ல வேலைகாரியாத் தெரியுது. எப்ப வாறாவாம்?"

யோகநாதன் பேப்பரைப் பார்ப்பதுபோல வெளியே போய்விட்டார்.

மூன்று நாள் அவள் முயன்று பார்த்தாள். நான்காம் நாள் அவளுக்கு மலேரியா. அந்த வருடத்தில் அது மூன்றாம் தடவை. குளிர் நடுங்க நடுங்க உரலைப் பிழிந்தாள். முற்றம் கூட்டவில்லை, பாய் விரிக்கவில்லை. அப்போதுதான் யோகநாதனுக்கு அந்த யோசனை வந்தது. பெரிய கண்டுபிடிப்புப்போல அதைச் சொன்னார்.

"பெட்டையைப் பள்ளிக்கூடத்தால மறிப்பம். பத்தாம் ஆண்டு மட்டும் வந்தது காணும். இனி என்ன டாக்குத்தராயே வரப்போறா? வீட்டில நிண்டால் உனக்கும் ஒரு கை."

அமராவதி போர்வைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாளைய நூற்றைம்பது இடியப்பத்தை யார் பிழிவது என்ற கேள்வி அந்த வாயை மூடிற்று.

கஜேந்தினி அழவில்லை. வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயவைத்து, புத்தகங்களை அதற்குள் வைத்துச் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்தாள். மூடி சத்தம் போடாமல் இருக்கும்படி இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இறக்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோகநாதனின் வீட்டிலும் அந்தி வந்தது. ஆறு மணிக்கு முற்றத்தில் பாய். பக்கத்தில் வேப்பிலைப் புகை. கால் கழுவத் தண்ணீர். மூடிவைத்த தேத்தண்ணி. சத்தம் போடாமல் இருக்கப் பழக்கிய சஜீவன். யோகநாதன் பாயில் சாய்ந்து வானத்தைப் பார்த்தார். 'கடைசியில் ஒழுங்கு வந்துவிட்டது' என்று நினைத்தார். பத்து நாள் அவர் வேலிப் பொட்டுப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள், இதை ராசுவுக்குக் காட்டவேண்டும் என்று ஆசை வந்தது. அவர்கள் விளக்குக்கு இருந்துவிட்டால் எழும்பமாட்டார்கள் என்பதால், ஐந்து மணிக்கே அழைக்கப் போனார்.

மூன்று வருடத்தில் அவர் அந்த வளவுக்கு ஐந்து மணிக்குப் போனது அதுதான் முதல் தடவை.

முற்றத்தில் ராசு, பேச்சியம்மா, விஜிதரன் மூவரும் வரிசையாக நின்றார்கள். வயலிலிருந்து வந்த சேறு ராசுவுக்கும் பேச்சியம்மாவுக்கும் முழங்கால்வரை காய்ந்திருந்தது. அவர்களுக்கு முன்னால், தகப்பனின் பழைய சேர்ட்டைக் கோட்டுப்போலக் கணுக்கால்வரை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பூவரசந்தடியோடு தனுஷா நடந்தாள்.

"பேரு ராசு."

"வந்திருக்கேனுங்க கங்காணியம்மா."

"தண்ணி. ஒம்போது வாளி. பேரு பேச்சியம்மா."

"இருக்கேங்க."

"சோறு. பேரு விஜிதரன். ஏய், சிரிக்கக்கூடாது. மீன் வெட்டி, வெறகு எடுத்து வைக்கணும்."

"கங்காணிக்கு என்னா வேல?" என்று ராசு கேட்டார்.

"கங்காணி முத்தம் கூட்டும்."

வரிசை கலைந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு பக்கமாக ஓடினார்கள். ராசு இரண்டு வாளியோடு கிணற்றடிக்குப் போகிறவர், வேலியோரம் நின்ற யோகநாதனைக் கண்டு வெட்கத்தோடு சிரித்தார்.

"பெரட்டுங்கய்யா. தோட்டத்துல விடியக்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் பனியில வரிசையா நிப்பாட்டிக் கங்காணி பேரு கூப்பிட்டு வேல பிரிப்பாரு. எங்க அப்பாரு, ஆத்தா எல்லாம் அப்பிடி நின்னவங்க. பிந்திப் போனா அரப்பேருதான், பாதிச் சம்பளம். நான் சின்னப் புள்ளயில அதப் பாத்துப் பயந்தவன். இங்க வந்து நம்ம வீட்டுல அதயே வெளயாட்டா வச்சுக்கிட்டோம். அங்க நிப்பாட்டுனது வேல வாங்குறதுக்கு. இங்க நாங்க நிக்கிறது, கெதியா முடிச்சிட்டு எல்லாரும் குந்துறதுக்கு."

தனுஷா விளக்குமாறோடு வந்து நின்றாள். "ஐயா, நீங்க பிந்திட்டீங்க. இன்னிக்கு அரப்பேருதான்."

"அடியேய், பெரியவங்ககிட்ட என்னா பேச்சு" என்று குசினிக்குள்ளிருந்து பேச்சியம்மா ஏசினாள்.

யோகநாதன் பகிடிக்குப் பகிடியாக, "சரி கங்காணியம்மா, அரைப்பேருக்கு எனக்கென்ன வேலை?" என்றார்.

"கோப்ப கழுவுங்க."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். சாம்பலும் தும்பும் கொண்டுவந்து கொடுத்தாள் கங்காணி. ஐந்து கோப்பைகள். கடைசியாகக் கையில் வந்தது கைபிடி வைத்த எனாமல் கோப்பை. அடியில் தேயிலைக் கறை மெல்லிய வளையமாகப் பிடித்திருந்தது. மூன்று வருடமாக இதில் குடித்தவர், இதை யார் கழுவுகிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆயிரம் தடவை யாரோ கழுவியிருக்கிறார்கள். அவர் அந்தக் கறையை நகத்தால் சுரண்டினார்.

ஆறு மணிக்கு விளக்கு ஏறியது. அன்றைக்கு அவர் கதிரையை வேண்டாம் என்றுவிட்டுச் சாக்கில் இருந்தார். சாயத்தண்ணி தொண்டையில் இறங்கியபோது, இதுவரை குடித்ததெல்லாம் இதன் பாதிதான் என்று தோன்றியது.

விஜிதரன் பெடலைச் சுற்றாமல் அவரைப் பார்த்தான். "ஐயா, கஜேந்தினி ஏன் பள்ளிக்கூடம் வாறேல்லை? கணக்கு ரீச்சர் ரெண்டு தரம் கேட்டவா. காய்ச்சலோ?"

"இல்லைத் தம்பி. மறிச்சுப்போட்டம். வீட்டில வேலைக்கு ஆள் இல்லை."

சொன்ன சொல் அவருடைய காதிலேயே வந்து விழுந்தது. ராசு கச்சான் கோதை ஊதி, பருப்பைத் தனுஷாவின் கையில் வைத்துவிட்டு, குத்தல் எதுவும் இல்லாத குரலில் சொன்னார்:

"நம்ம வீட்டுலயும் ஆள் இல்லீங்கய்யா. இந்த நாலு பேருதான்."

யோகநாதன் அழைக்க வந்ததை அழைக்காமலே எழும்பினார். விளக்கில் இன்னும் எண்ணெய் இருந்தது.

அவருடைய முற்றத்தில் எல்லாம் நேரசூசிப்படி இருந்தது. விரித்த பாய். வேப்பிலைப் புகை. மூடிவைத்த தேத்தண்ணி. பாயில்தான் ஒருவரும் இல்லை. குசினிக்குள் கஜேந்தினியின் முதுகு தெரிந்தது. அமராவதி காய்ச்சல் விட்டும் விடாத உடம்பை உரலின் மேல் சாய்த்து, இரண்டு கையாலும் அமத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பத்து நாளும் அவர் பாயில் இருந்து வானத்தைப் பார்த்தாரே ஒழிய, பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் சாய்வதற்கு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் மூலையிலிருந்த வாளியை எடுத்தார்.

"உதை எங்க கொண்டுபோறியள்?" என்றாள் அமராவதி.

"தண்ணி அள்ள."

"ஆருக்கு?"

"வீட்டுக்கு."

அமராவதி மகளைப் பார்த்தாள். மகள் தாயைப் பார்த்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல் தொற்றிவிட்டதோ என்று இருவருக்கும் ஒரே யோசனை.

தண்ணீர் அள்ளி முடித்து வந்து உரலுக்குக் கை நீட்டினார். "கொண்டா."

"உங்களுக்கு ஏலாது."

"ஏன் ஏலாது? சங்கக்கடையில எத்தினை மூட்டை தூக்கினனான்."

"தூக்கினது மூட்டை சுமக்கிற நாட்டாமை. நீங்கள் எண்ணினனீங்கள்."

ஆனாலும் உரலைக் கொடுத்தாள். அவர் மூச்சைப் பிடித்து அமத்தினார். உரல் அசையவில்லை. இன்னும் அமத்தினார். மாட்டைக் கட்டலாம்போல மொத்தமாக ஒரு வடம் வந்து தட்டில் விழுந்தது. பத்து நாளுக்குப் பிறகு கஜேந்தினி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், இருந்தும் அந்தச் சத்தம் யோகநாதனுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது.

"திங்கக்கிழமை நீ பள்ளிக்கூடம் போ பிள்ளை" என்றார்.

கஜேந்தினி தாயின் முகத்தைப் பார்த்தாள். அமராவதி வடத்தை எடுத்துத் திரும்ப உரலுக்குள் போட்டாள். "முதலில ஞாயிறு வரைக்கும் பாப்பம்" என்றாள்.

அன்று புதன்கிழமை. வியாழக்கிழமை அவர் தண்ணீர் அள்ளினார், இடியப்பம் பிழிந்தார், கை வீங்கினாலும் சொல்லவில்லை. கஜேந்தினி வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏரம்பரின் கடையில் கடதாசிக்கு ஒரு கை குறைந்தது. "ஒரு ஆட்டம், மனேஜர்" என்றார் ஏரம்பர். ஒரு ஆட்டம் நான்கு ஆட்டமாயிற்று. திரும்பி வந்தபோது ஏழு மணி. ஒருவரும் அவரை ஏசவில்லை. தண்ணீர் நிறைந்திருந்தது. கஜேந்தினியின் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. கொடியில் சட்டை இல்லை.

அவர் மெல்லப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தார். சட்டை மடித்தபடி இருந்தது. அதன் மேல் கணக்குக் கொப்பி.

அமராவதி ஏசியிருந்தால் அவர் திருப்பி ஏசியிருப்பார். அவர் மூடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இறக்கினார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு முற்றத்தில் அவர் தனியாக நின்றார். சஜீவனைக் கூப்பிட்டு, தன்னுடைய கைமணிக்கூட்டைக் கழற்றி அவன் கையில் கட்டினார். சங்கக்கடைக் காலத்திலிருந்து அவர் யாருக்கும் தொடக் கொடுக்காத மணிக்கூடு அது.

"நீதான் கங்காணி. பேரைக் கூப்பிட்டு வேலையைச் சொல்லு. முதலில என்ர பேர்."

சஜீவனுக்கு அது நம்பமுடியாத அதிகாரம். "யோகநாதன்" என்றான் பயந்து பயந்து.

"வந்திருக்கிறன்."

"தண்ணி. பேந்து இடியப்பம். பேந்து..." அவன் யோசித்தான். "பேந்து எனக்கு முதுகு தேய்ச்சு வாக்கோணும்."

"அப்ப கங்காணிக்கு வேலை இல்லையோ?"

"முத்தம் கூட்டுவன்."

குசினி வாசலில் நின்ற அமராவதியும் கஜேந்தினியும் ஒருவரும் கூப்பிடாமலே வந்து வரிசையில் நின்றார்கள். நான்கு பேர் கை வைத்த வேலை ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. கடைக்கு இடியப்பத்தை யோகநாதனே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடதாசிப் பக்கம் திரும்பிப் பாராமல் வந்தார். ஆறு மணிக்கு விளக்கு ஏறியபோது அமராவதி வழக்கப்படி எழும்பி எதையோ எடுக்கப் போனாள்.

"இரு" என்றார் யோகநாதன். "எண்ணெய் முடியுமட்டும் ஒருதரும் எழும்புறேல்லை. அதுதான் சட்டம்."

அவள் இருந்தாள். இருந்து பழக்கமில்லாத கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் மடக்கினாள், பிறகு மெல்ல நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தலை மகளின் தோளில் சாய்ந்தது. மூன்று வருடத்தில் அவள் விளக்கைப் பார்த்தபடி ஒரு வேலையும் இல்லாமல் இருந்தது அன்றுதான். கஜேந்தினி தோளை அசைக்காமல், கொப்பியை மடியில் வைத்து, விட்டுப்போன கணக்கைச் செய்தாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளைச் சட்டை வேலிப் பொட்டைக் கடந்து விஜிதரனோடு பள்ளிக்கூடம் போயிற்று. யோகநாதன் சுவரிலிருந்த நேரசூசியைக் கழற்றினார். கஜேந்தினி வேறொன்று எழுதினாள். அதில் நான்கு பெயர்களும் மாறி மாறி வந்தன. மேற்படி என்ற சொல்லை அவள் ஓரிடத்திலும் பாவிக்கவில்லை. அன்று பின்னேரம் யோகநாதன் வேலிக்கருகே நின்று, "ராசண்ணை, நாளைக்கு எல்லாரும் எங்கட வீட்டை வாங்கோ. சாயத்தண்ணி நான் ஊத்துறன்" என்றார். ராசு திரும்பித் தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். அவருக்கு இரண்டு வயது இளையவரான அந்த மனேஜர் அவரை அண்ணை என்றதும் வாங்கோ என்றதும் அதுதான் முதல் தடவை.

ஒரு மாதம் போயிற்று. ஒரு பின்னேரம் யோகநாதன் இடியப்பப் பெட்டியைச் சைக்கிள் கரியரிலிருந்து இறக்கும்போது, விறாந்தையில் கடதாசி பிடித்திருந்த ஏரம்பர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"இடியப்பம் இப்ப கொஞ்சம் மொத்தமாக் கிடக்குது. மனேஜர் பிழியிறதோ?"

விறாந்தை சிரித்தது. "கிணத்தடியிலயும் ஆள் நிக்குதாம்" என்றது இன்னொரு குரல். "பொஞ்சாதிக்குத் தண்ணி வாக்கவோ?"

யோகநாதனும் சிரித்தார். அந்தப் பகிடிக்கு ஒரு மாதத்துக்கு முதல் அவர் வெட்கத்தில் செத்திருப்பார். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஓம் ஏரம்பர், நான்தான் பிழியிறன். மொத்தம் எண்டால் சொல்லுங்கோ, திருத்திறன். என்ர வீட்டில ஆறுதல் இல்லை எண்டு மூண்டு வருசம் அடுத்த வீட்டில போய் இருந்தனான். ஆறுதலைப் பாயிலயும் விளக்கிலயும் தேடினன். என்ர ஒரு மணித்தியாலச் சுகத்துக்காக என்ர பிள்ளையின்ர படிப்பையே நிப்பாட்டினன். ஒராள் நிண்டு வேலை செய்ய மற்ற ஆக்கள் இருந்து அனுபவிக்கிறதுக்குப் பேர் ஆறுதல் இல்லை, அது களவு. வீட்டில உள்ள எல்லாரும் நிண்டு வேலையை முடிச்சு, எல்லாரும் ஒண்டா இருக்கேக்கதான் அந்த வீட்டில அந்தி வரும். இதை எனக்கு எட்டு வயசுக் கங்காணி ஒராள் காட்டித் தந்தவ."

ஏரம்பர் கையிலிருந்த கடதாசியை உற்றுப் பார்த்தார். அப்போது கடையின் பின்பக்கக் குசினியிலிருந்து, வடைச் சட்டியின் சத்தத்தையும் மீறி ஏரம்பரின் மனைவியின் குரல் வந்தது:

"அண்ணை, போறவழிக்கு அந்தக் கங்காணியிட்டச் சொல்லிவிடுங்கோ. இஞ்சயும் கடதாசியைப் பிடிச்சுக்கொண்டு ஒரு பேர் பதியாமல் கிடக்குதெண்டு."